கார் ஏசியில் கேஸ் தீராது, கசியும்

சித்திரை பிறந்தால் போதும், எங்கள் பழைய ஹேட்ச்பேக்கின் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்துவிடும். பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனால் "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்லி இருபது நிமிடத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு ஜில்லென்று இருக்கும், ஆடி தாண்டுவதற்குள் மறுபடி மந்தமாகிவிடும். மூன்று வருஷம் இப்படியே போனது. நாலாவது வருஷம் திருச்சியில் வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். பானட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் கேட்டார்: "போன வருஷம் ஏத்துன கேஸ் எங்க சார் போச்சு? அது என்ன பெட்ரோலா, ஓட ஓட தீர்றதுக்கு?"

அந்தக் கேள்வியை நான் முதல் வருஷமே கேட்டிருக்க வேண்டும். ஏசி கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூட்டுகள் வழியாகவும் வருஷத்துக்குக் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆனால் ஒரே கோடைக்குள் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, பஞ்சரான டியூபை ஒட்டாமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டே ஓட்டுவது போலத்தான்.

சரி, அந்த கேஸ் உள்ளே என்னதான் செய்கிறது? ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அதே விஷயம்தான். திரவம் ஆவியாக வேண்டுமென்றால் அதற்கு வெப்பம் வேண்டும், அதைப் பக்கத்தில் இருப்பதிடமிருந்து எடுத்துக்கொள்ளும். இங்கே ஓடுகிற பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். வெளிக்காற்றின் அழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறும். குக்கரை மூடி விசில் போட்டால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை போவதால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. கார் ஏசி முழுக்க இந்த ஒரு தந்திரத்தை வைத்துத்தான் ஓடுகிறது: ஒரு பக்கம் அழுத்தத்தைக் கூட்டு, இன்னொரு பக்கம் குறை.

எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரஸர் கேஸை அழுத்தி 200, 250 பிஎஸ்ஐக்குக் கொண்டுபோகிறது. அந்த அழுத்தத்தில் அதன் கொதிநிலை 55, 60 டிகிரிக்கு ஏறிவிடுவதால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கன்டென்சரில் கத்திரி வெயிலின் 40 டிகிரிக் காற்று பட்டால்கூட அதற்கு அது குளிர்ந்த காற்றுதான். வெப்பத்தை அங்கே விட்டுவிட்டுத் திரவமாகிறது. அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஊசித் துவாரம் மாதிரி ஒரு சந்து. அதில் புகுந்து வெளியே வந்ததும் அழுத்தம் சடாரென்று 30, 40 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும், கொதிநிலையும் கூடவே சுழியம் டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை, ப்ளோயர் தள்ளுகிற உள்காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. நம் முகத்தில் படும் குளிர் இதுதான். வெளியே நிறுத்தினால் காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர், காற்றில் இருந்த ஈரம் அந்தக் காயிலில் பட்டு நீராகி வழிவது. அது கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம்.

இப்போது கேஸ் குறைந்தால் என்னாகும் என்று பாருங்கள். காயிலின் ஆரம்பத்திலேயே இருக்கிற கொஞ்சத் திரவமும் கொதித்து முடிந்துவிடும், மீதிக் காயில் சும்மா கிடக்கும். ஆனால் இதைவிட மோசமான விஷயம், கம்ப்ரஸருக்கான ஆயில் தனியாக ஓடுவதில்லை, கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கேஸ் குறைந்தால் ஆயிலும் சரியாகத் திரும்பி வராது, கம்ப்ரஸர் காய்ந்து சிக்கிக்கொள்ளும். ரொம்பக் குறைந்துபோனால் கம்ப்ரஸரை ஓட விடாமல் தடுக்க ஒரு பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது. ஏசி பட்டனைப் போட்டதும் பானட்டுக்குள் கேட்கும் அந்த 'டக்' சத்தம் வரவில்லையென்றால், காரணம் பல நேரம் அதுதான். சில கடைகளில் அந்த ஸ்விட்சை ஷார்ட் செய்து ஓட்டிக் காட்டுவார்கள். அப்படி ஓட்ட விடாதீர்கள்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயில் கேஸோடு சுற்றுகிறது என்றேன் இல்லையா, கேஸ் கசிகிற இடத்தில் கேஸ் காற்றோடு போய்விடும், ஆயில் போகாது. மெக்கானிக் டார்ச்சை அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கன்டென்சருக்குள் போகிற பைப்பின் மூட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரக் கறை, அதன்மேல் செம்மண் தூசி ஒட்டிக் களிம்பாகியிருந்தது. மூன்று வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆனாலும் அவர் அதோடு விடவில்லை. மிச்சமிருந்த கேஸை மெஷினில் இழுத்துச் சேமித்துவிட்டு, உள்ளே நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி, சோப்பு நுரையை பிரஷ்ஷால் தடவினார். சாதாரணக் காற்றை அடிக்கக் கூடாது, அதில் ஈரம் இருக்கும். நைட்ரஜன் உலர்ந்தது, எதோடும் வினைபுரியாது. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்த மூட்டின் அடிப்பக்கம் கடுகளவில் ஒரு குமிழி மெதுவாக ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. அவ்வளவு சின்னக் கசிவுதான் என் காரை வருஷா வருஷம் காலி செய்திருக்கிறது.

மூட்டைக் கழற்றினால் உள்ளே ஓ-ரிங் என்கிற ஒரு ரப்பர் வளையம், நசுங்கித் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இறுகிக் கிடந்தது. புதிதாகப் போட்டது பச்சை நிறத்தில் இருந்தது. இந்த கேஸுக்கும் ஆயிலுக்கும் தாங்குகிற தனி ரப்பர் அது, விலை சில பத்து ரூபாய்தான். குழாய்க் கடையில் கிடைக்கிற கறுப்பு வாஷர் இங்கே உதவாது.

கசிவை அடைத்ததும் கேஸ் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் வாக்யூம் போட்டார். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவது ஒரு காரணம், ஏனென்றால் காற்று கன்டென்சரில் திரவமாகாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் முக்கியமாகத் துரத்த வேண்டியது ஈரத்தை. குக்கரில் நடப்பதன் நேர் எதிர் இங்கே நடக்கிறது: அழுத்தம் வெளிக்காற்றில் 24-ல் ஒரு பங்காகக் குறைந்தால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்பு அதை இழுத்துவிடும். அந்த ஈரம் உள்ளேயே இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் சந்தில் பனிக்கட்டியாகி அடைக்கும், நாளாக நாளாக அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே ரிசீவர் டிரையர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் கொள்ளளவு கொஞ்சம்தான்.

அடுத்து அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது: எடைத் தராசை எடுத்து வைத்தார். பழைய கடையில் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தே ஏற்றுவார்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை யோசித்துப் பாருங்கள். அது முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தூக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். ஆர்-134ஏ-வும் அப்படித்தான்: எஞ்சின் நிற்கும்போது 30 டிகிரியில் கேஜ் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி, 400 கிராம் இருந்தாலும் சரி. ஓடும்போது கேஜ் காட்டுவதோ வெயிலுக்கும் எஞ்சின் வேகத்துக்கும் ஏற்ப ஆடும். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், எங்கள் காருக்கு 420. கூட ஏற்றினால் கூடக் குளிரும் என்பது தப்பு. கன்டென்சருக்குள் திரவம் தேங்கி, கேஸ் குளிர்வதற்கான இடம் குறைந்து, குளிர்ச்சி மட்டுப்படும், கம்ப்ரஸரும் திணறும்.

எல்லாக் கோளாறும் கேஸ் கோளாறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹைவேயில் நன்றாகக் குளிர்ந்து சிக்னலில் நின்றால் மட்டும் வெப்பக்காற்று வந்தால், கன்டென்சர் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கன்டென்சரில் மண் அடைத்திருக்கும்; ஓடும்போது எதிர்க்காற்று அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுக் காற்றே குறைந்துபோய், ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓட விட்டால் பத்து நிமிடத்தில் சரியாகிறதா? காயிலில் பனி கட்டுகிறது, காயிலின் குளிரை அளக்கும் சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலிருந்தே காற்று வேகமில்லையென்றால் முதலில் கேபின் ஃபில்டர், அதை நீங்களே கழற்றிப் பார்க்கலாம்.

கசிகிற கேஸ் நம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரிக்கும் வகை. அந்த வகை கேஸ்களால் வரும் ஆபத்தை மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் சொன்னார்கள், 1987-ல் அவற்றைக் கட்டுப்படுத்த மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது, அதன் பிறகுதான் ஆர்-134ஏ. இது ஓசோனைத் தொடாது, ஆனால் நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ, 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். எங்கள் காரின் 420 கிராமும் வெளியே போனால் 600 கிலோ, அதாவது சுமார் 260 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. அதனால்தான் மூட்டைத் தளர்த்தி 'புஸ்'ஸென்று காற்றில் விட்டுவிட்டுப் புது கேஸ் ஏற்றுகிற கடையைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வேலை முடிந்து ஏசி வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகினார், 7 டிகிரி காட்டியது. "மார்கழியிலயும் வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் ஏசி போடுங்க சார்" என்றார். ஆயில் சுற்றாமல் கிடந்தால் கம்ப்ரஸர் ஷாஃப்ட்டின் சீல் காய்ந்து அங்கே கசிய ஆரம்பிக்கும் என்று காரணமும் சொன்னார். அதிலிருந்து பனிக்கால விடியற்காலைகளில் ஏசியைப் போட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். உள்பக்கம் மங்கியிருக்கும் முன்கண்ணாடி இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று தெளிந்துவிடுகிறது, உள்காற்றின் ஈரத்தையெல்லாம் அந்தக் காயில் இழுத்துக்கொள்வதால்.