சாவி வாங்கினதும் படிக்கட்டைத் தேடுங்க

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளில் தீத்தடுப்புப் பயிற்சி கொடுக்கப் போனால், முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து, "சார், மிலான் கண்காட்சிக்குப் போறேன், ஃப்ளைட்டை நினைச்சாலே பயமா இருக்கு" என்பார்கள். போய்த் தங்கப்போகிற ஹோட்டலைப் பற்றி ஒரு கேள்வி வராது. எனக்கோ கவலையே அங்கேதான்.

ஹோட்டல் தீயில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகை. 1980இல் லாஸ் வேகஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தரைத்தளத்தில் தீப்பிடித்து 85 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் நெருப்பே எட்டாத மேல்மாடிகளில் இருந்தவர்கள். லிஃப்ட் குழி, படிக்கட்டு, ஏசி குழாய் என்று கிடைத்த வழியிலெல்லாம் புகை ஏறிவிட்டது. அது அமெரிக்கா, பழைய கதை என்பீர்கள். 2025 ஏப்ரலில் கொல்கத்தா புர்ராபஜார் ஹோட்டல் தீயில் 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மூச்சுத்திணறித்தான். கரூரிலிருந்து போயிருந்தவர்களும் அதில் உண்டு.

அதனால் பெட்டியை வைத்த கையோடு, படுப்பதற்கு முன்னால், வெளியே வந்து படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் அறையிலிருந்து அதுவரை எத்தனை கதவு என்று எண்ணுங்கள், ஏனென்றால் புகை நிறைந்த வராண்டாவில் பச்சை விளக்குப் பலகையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, தரையோடு தவழ்ந்து சுவரைத் தடவித்தான் போக வேண்டியிருக்கும். அப்புறம் அந்தப் படிக்கட்டுக் கதவைத் தள்ளிப் பாருங்கள். நம்ம வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நோயாளிக்குக் கஞ்சி வேண்டாமா? ஆனால் அடுப்பு எரிகிற கட்டிடத்தில் பின்பக்கப் படிக்கட்டு பூராவும் பழைய மெத்தையும் தண்ணீர் கேனுமாக இருக்கும், கீழே பூட்டு வேறு. கேட்டால் "திருட்டுப் பயம் சார்" என்பார் மேனேஜர். பூட்டைப் பார்த்தால் வேறு லாட்ஜ் பாருங்கள், அவ்வளவுதான்.

விமானத்திலும் இதே கணக்குதான்: உங்கள் சீட்டுக்கும் அவசரக் கதவுக்கும் நடுவில் எத்தனை வரிசை, முன்னாலும் பின்னாலும். பாதிக் கதவுகளை வைத்தே 90 விநாடிக்குள் எல்லோரும் இறங்க முடியும் என்று காட்டிய பிறகுதான் பெரிய பயணிகள் விமானத்துக்கு அனுமதி கிடைக்கிறது. மேலே இருக்கிற பையை இழுத்துக்கொண்டு நாலு பேர் நின்றால் அந்தக் கணக்கு போச்சு. 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேதாவில் எரிந்துகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள், பெட்டிகளை விட்டுவிட்டு. பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான். லைஃப் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிடாதீர்கள். தண்ணீர் புகுந்தால் கூரையில் முட்டி மிதப்பீர்களே தவிர கதவுக்குப் போக முடியாது.

சரி, ராத்திரி அலாரம் அடித்தால்? அறைக்கதவைப் புறங்கையால் தொடுங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். ஏசியை நிறுத்துங்கள், துண்டை நனைத்துக் கதவின் கீழ் இடுக்கில் அடையுங்கள், வெளிப்பக்க ஜன்னலிடம் போய் நில்லுங்கள். நிறைய பேர் பாத்ரூமுக்குள் ஓடுகிறார்கள், அங்கே ஜன்னல் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். 101க்கோ 112க்கோ அடித்து லாட்ஜ் பெயரோடு மாடி, அறை எண், ஜன்னல் எந்தத் தெருவைப் பார்க்கிறது என்பதையும் சொல்லுங்கள். வேலூர் காந்தி ரோட்டு சந்துகளில் ஏணியை எந்தப் பக்கம் சாத்துவது என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.