மண்டபம் முகாமில் பிறந்தவர்கள் முதலில் பிறந்த தேதியைப் பாருங்கள்

மண்டபம் பக்கம் இலங்கைத் தமிழர் அகதி முகாம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள்: "புதுச் சட்டம் வந்துருச்சாமே அண்ணே, இனி எங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?" அந்தச் சட்டத்தால் கிடைக்காது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்கள் போய்விட்டன. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் 2015 ஜனவரி 9-க்குள் இங்கே வந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டு இல்லாமல் இங்கே இருக்கிறீர்கள் என்று இனி வழக்கு வராது. பெரிய நிம்மதிதான், ஆனால் அவ்வளவுதான். 2022-இல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் மன்னார்ப் பக்கமிருந்து படகேறி, தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு இறங்கியவர்களுக்கு இந்த விலக்கு இல்லை. அவர்களும் இதே கடலைத்தான் கடந்து வந்தார்கள், அவர்களுக்கும் இதைத் தர வேண்டும்.

சரி, குடியுரிமை? அது 1955-ஆம் ஆண்டுச் சட்டம். 2019-இல் அதைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைத்தான் சேர்த்தார்கள், இலங்கை இல்லை. ஆனால் அதே சட்டத்தில் பிறப்பால் வரும் குடியுரிமை என்று ஒன்று இருக்கிறது, முகாமில் பலருக்கு இது தெரியவே தெரியாது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அப்பா அம்மா எந்த நாட்டவர், எப்படி வந்தார்கள் என்ற கேள்வியே அந்தப் பிரிவில் இல்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான்.

1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. முகாம் பெண்ணும் பாம்பன்காரரும் கல்யாணம் செய்து பெற்ற பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது இங்கேதான், அந்த மாதிரிக் குடும்பங்கள் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

போன வாரம் ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா பிறந்தது 1987 மே, தம்பி 1989, இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள். ஒரே அம்மா அப்பா, ஒரே முகாம் வீடு. அக்கா இந்தியர், தம்பி இல்லை. அதைத் தம்பியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது, பெயர் இருக்க வேண்டிய இடம் காலி, 'பெண்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தக் காலத்துச் சான்றிதழ்கள் பலதும் இப்படித்தான் இருக்கும். அதனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதியும் ஊரும் அதில் இருக்கிறதே. பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் பெயர் சேர்க்க மனுக் கொடுங்கள், கூடவே பள்ளிச் சான்றிதழையும் முகாம் அட்டையையும் வைத்து, அம்மா அப்பா பெயர் மூன்றிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அக்காவின் சான்றிதழில் அம்மா பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பெயர் சேர்க்க ஒன்று, அந்த எழுத்தைத் திருத்த ஒன்று என்று திங்கட்கிழமை இரண்டு மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.