சுவருக்குள் நுழையும் கடல்

கடற்கரை நகரம் ஒன்றில் அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். வெளிச்சுவர்களின் உள்பக்கம் முழுக்க, வெப்பத்தைத் தடுக்க, கண்ணாடி இழைப் பஞ்சாலான கிளாஸ் வூல் இன்சுலேஷன் வைத்து, ஜிப்சம் போர்டு அடித்து, அதன்மேல் அழகான வினைல் வால்பேப்பரும் ஒட்டினார்களாம். மின்கட்டணம் குறைந்தது. ஆனால் அடுத்த ஆண்டே அறைகளில் ஈர வாடை. வால்பேப்பரின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. “குழாயும் ஒழுகவில்லை, மழையும் கசியவில்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்கிறார்.

காற்றிலிருந்துதான். இன்சுலேஷன் வைத்தது தப்பில்லை. ஆனால் அதை வைத்தபோது வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், நீராவியை மறந்துவிட்டார்கள்.

வெப்பத்தின் கதை பள்ளியில் படித்ததுதான். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் பாயும். அசையாத காற்று வெப்பத்தை மோசமாகக் கடத்தும். கிளாஸ் வூல், தெர்மாகோல், பாலியூரித்தேன் நுரை எல்லாமே காற்றையோ வேறொரு வாயுவையோ சின்னச் சின்ன அறைகளில் அடைத்துவைக்கும் உபாயங்கள். கூரைதான் முதல் எதிரி. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1000 வாட் வந்து விழுகிறது. கறுப்புக் கூரை 70 டிகிரியைத் தொடும். வெள்ளைப் பூச்சு அடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும், ஈரக் காற்றில் அதன்மேல் பாசி பிடிக்காமல் அவ்வப்போது கழுவினால். கண்ணாடிக்கு வெளியே நிழல் கொடுக்க வேண்டும். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. நீராவிக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் ஒன்றைக் கண்டு சொன்னார்: கலந்திருக்கும் வாயுக்கள் ஒவ்வொன்றும் மற்றது இல்லாதது போலவே தன் அழுத்தத்தைக் காட்டும். அணுக்கொள்கைக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அதே டால்டன்தான்; வாழ்நாள் முழுக்க வானிலையைக் குறித்துவைத்த மனிதர். அவர் சொன்னதன் பொருள் நம் சுவருக்கு இதுதான்: உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருந்தாலும், நீராவியின் பங்கு அழுத்தம் சமமாக இல்லையென்றால் நீராவி மட்டும் தனியாகக் கிளம்பிச் சுவர் வழியே நடக்கும்.

எவ்வளவு வேறுபாடு? கசகசக்கும் கடற்கரைப் பகல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். நீராவியின் அழுத்தம் சுமார் 3.8 கிலோபாஸ்கல். உள்ளே ஏசி ஓடுகிறது: 24 டிகிரி, 50 சதவீதம். இங்கே 1.5 கிலோபாஸ்கல்தான். வெளியே இரண்டரை மடங்கு. இன்னொரு விதமாகச் சொன்னால், வெளிக்காற்று 28 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராக மாறும். அந்த 28தான் அதன் பனிநிலை.

இந்தப் பனிநிலை எனக்கு மிகவும் பிடித்த எண். ஈரப்பதச் சதவீதம் பகலில் இறங்கும், இரவில் ஏறும். அதைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். கடற்கரையில் பனிநிலை மட்டும் இரவு பகல் பாராமல் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும், ஏனென்றால் அதை நிர்ணயிப்பது கடல். கடல்மேல் கிடக்கும் காற்று, தன் பனிநிலை கடலின் மேற்பரப்பு வெப்பநிலையை நெருங்கும் அளவுக்கு நீராவியை ஏற்றிக்கொண்டு கரைக்கு வருகிறது. பாரசீக வளைகுடா கோடையில் அளவுக்கு மீறிச் சூடாகும். 2003 ஜூலையில் அதன் கரையிலுள்ள சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பனிநிலை 35 டிகிரி வரை பதிவானது. “ராத்திரி குளிர்ந்த காற்றை உள்ளே விட்டால் கட்டடம் ஆறும்” என்ற பாலைவன யோசனை கடற்கரையில் எடுபடாததும் இதனால்தான். ராத்திரிக் காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கலாம். அதிலுள்ள தண்ணீர் அப்படியே இருக்கிறது.

இப்போது சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். முதலில், இன்சுலேஷன் எதுவும் இல்லாத 20 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவர். வெளியே 33, உள்ளே 24. இடையிலுள்ள 9 டிகிரி வித்தியாசத்தைக் கான்கிரீட்டும், சுவரின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலங்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. கணக்குப் போட்டால் சுவரின் உள்முகம் சுமார் 28 டிகிரி வருகிறது. வெளிக்காற்றின் பனிநிலையும் அதுவேதான். மின்சாரம் தண்டமாகப் போகிறது, ஆனால் தண்ணீர் படிய வேண்டிய கட்டாயம் அந்தச் சுவருக்கு இல்லை. தன் சூட்டாலேயே அது தப்பித்துக்கொள்கிறது!

அதன் உள்பக்கம் 5 சென்டிமீட்டர் கிளாஸ் வூலும் ஜிப்சம் போர்டும் வையுங்கள். இப்போது அந்த 9 டிகிரியில் பெரும்பகுதி கிளாஸ் வூலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கான்கிரீட் முழுக்க ஏறக்குறைய வெளிச் சூட்டில் கிடக்கிறது, உள்முகம் 24.6 டிகிரிக்கு இறங்குகிறது. வெப்பத்துக்கு அபாரமான தடுப்பு. நீராவிக்கோ கிளாஸ் வூல் திறந்த வாசல், ஜிப்சம் போர்டும் கிட்டத்தட்ட அப்படியே. கான்கிரீட் மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவையும் கடந்து வரும் நீராவி கடைசியில் வினைல் வால்பேப்பரின் முதுகில் முட்டுகிறது. அது பிளாஸ்டிக், ஊடுருவ முடியாது. அதன் வெப்பநிலை பனிநிலைக்கு மூன்று டிகிரிக்கும் மேல் கீழே. அங்கேயே தண்ணீராகிறது. அருகில் பூஞ்சைக்குப் பிடித்த சாப்பாடு: ஜிப்சம் போர்டின் காகிதமும் வால்பேப்பர் பசையும். பூஞ்சை முளைக்கச் சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். மேற்பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தாலே போதும்.

அந்த வால்பேப்பர் இல்லாமல் சாதாரண எமல்ஷன் பெயின்ட் மட்டும் இருந்திருந்தால்? வந்த நீராவி அறைக்குள் போயிருக்கும், ஏசி அதைப் பிழிந்து வடிகாலில் விட்டிருக்கும். சுவர் காய ஒரு வழி இருந்திருக்கும். குற்றவாளி கிளாஸ் வூலும் இல்லை, ஏசியும் இல்லை. தவறான பக்கத்தில் ஒட்டிய ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பிளாஸ்டிக். ஃப்ளோரிடாவில் எத்தனையோ ஹோட்டல்கள் இதே வினைல் வால்பேப்பரால் அறைகளை மூடிவிட்டு உரித்துச் சீர்செய்ய நேர்ந்திருக்கிறது.

வெயில் இதை இன்னும் மோசமாக்கும். மழையில் நனைந்த செங்கல் சுவரின்மேல் உடனே வெயில் அடித்து, அது 45 டிகிரிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் செங்கல்லுக்குள் நீராவி அழுத்தம் 9.6 கிலோபாஸ்கல். அறைக்குள் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். மழை நின்றபிறகுதான் சுவருக்குள் தண்ணீர் முழு வேகத்தில் உள்நோக்கித் தள்ளப்படுகிறது என்பது எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

இந்தப் பிழை எப்படி இவ்வளவு பரவியது? 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்க் ரௌலி சுவர்களுக்குள் ஈரம் எப்படிச் சேர்கிறது என்று ஆராய்ந்தார். பனி உறையும் ஊர். அங்கே உள்ளேதான் சூடும் ஈரமும். நீராவி வெளிநோக்கிப் போகும். ஆகவே நீராவித் தடுப்பை உள்பக்கம் வை என்பது அங்கே சரியான விதி. பாடநூல்கள் அதை “உள்பக்கம்” என்றே மனப்பாடம் செய்துகொண்டன. விதியின் உயிர் “சூடான பக்கம்” என்பதில் இருந்தது. கடற்கரையில் சூடான பக்கம் வெளிப்பக்கம். இத்தனைக்கும், சுவருக்குள் எங்கே தண்ணீர் படியும் என்று வரைபடம் போட்டுக் காட்டும் முறையை ஜெர்மனியின் ஹெல்முட் கிளேசர் 1950களின் கடைசியில் வெளியிட்டபோது, அவர் எடுத்துக்கொண்டது குளிர்பதனக் கிடங்கின் சுவரை. கடற்கரையின் ஏசி கட்டடம் வேறென்ன? மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்குதான்.

இங்கே ஒரு புலம்பல். புதுசாக ஒரு நுரையையோ ஜெல்லையோ கண்டுபிடித்தால் ஆராய்ச்சிப் பணம் ஓடி வருகிறது. ஈரக் கடற்கரையில் நாலு விதச் சுவரைக் கட்டி, உள்ளே உணரிகளைப் புதைத்து, ஐந்து வருஷம் சும்மா அளந்துகொண்டிருக்கிறேன் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அலுப்பான அளவீடுதான் இல்லாத குறை. அது இல்லாத இடத்தை “சுவர் மூச்சு விட வேண்டும்” போன்ற நம்பிக்கைகள் நிரப்பிக்கொள்கின்றன. சுவர் உள்பக்கமாகக் காய வேண்டும், அது உண்மை. வெளிக்காற்று சுவர் வழியே உள்ளே வர வேண்டும் என்பது உளறல்.

உளறல் என்று இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நீராவி சுவரை ஊடுருவுவது மெதுவான வேலை. ஓட்டை வழியே காற்று அதைச் சுமந்து வருவது பாய்ச்சல். கட்டடத்துக்குள் காற்றழுத்தம் வெளியைவிட வெறும் 4 பாஸ்கல் குறைவு என்று வைத்துக்கொண்டு, ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டைக்குக் கணக்குப் போட்டேன். நாளுக்கு ஏறத்தாழ 14 கன மீட்டர் காற்று நுழைகிறது, அதோடு உபரியாக 230 கிராம் தண்ணீர். பூச்சும் பெயின்ட்டும் உள்ள சுவர் ஊடுருவலால் அதே தண்ணீரை உள்ளே விட வேண்டுமானால் சுமார் 20 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். கழிவறைகளிலும் சமையலறையிலும் ஓயாமல் ஓடும் எக்ஸாஸ்ட் விசிறிகள்தான் பெரும்பாலும் கட்டடத்தை இப்படி உறிஞ்ச வைக்கின்றன. வெளியேற்றும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக, ஈரம் நீக்கிய காற்றை ஒரு தனிக் கருவி வழியே உள்ளே தந்தால், கசிவு திசை மாறும்: உலர்ந்த காற்று வெளியே கசியும், அதனால் கேடில்லை.

அந்த வெளிக்காற்றைப் பற்றி இன்னொரு கணக்கு. ஒரு கிலோ வெளிக்காற்றை 33லிருந்து 24 டிகிரிக்குக் குளிர்விக்க 9 கிலோஜூல் போதும். அதிலுள்ள உபரித் தண்ணீர் சுமார் 15 கிராமைப் பிரித்தெடுக்க 37 கிலோஜூல். நான்கு மடங்கு! இன்சுலேஷன் அந்த முதல் வகைச் சுமையைத்தான் குறைக்கும், இரண்டாவதைத் தொடவே தொடாது.

வாசகரின் ஈர வாடைக்கு இன்னொரு காரணம் இங்கே ஒளிந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டுக்கு வெப்பநிலைதான் தெரியும். இன்சுலேஷன் வைத்தபின் பழைய பெரிய ஏசி அறையைச் சட்டென்று 24க்குக் கொண்டுவந்துவிட்டு ஓய்வெடுக்கப் போகிறது. ஈரம் பிழியப்படுவதோ கம்ப்ரெஸர் ஓடி, காற்றைக் குளிர்விக்கும் ‘காயில்’ என்ற குழாய்ச் சுருள் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். அது நின்றபின் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், காயிலில் தங்கிய தண்ணீர் திரும்ப அறைக்கே ஆவியாகப் போகும். ஆக, வெப்பத்தை நன்றாகத் தடுக்கத் தடுக்க அறை ஈரமாகிறது. குளிர்ச்சி போதவில்லை என்று நினைத்து யாராவது 21க்குத் திருப்பினால் சுவர் இன்னும் குளிரும், பூஞ்சைக்கு இன்னும் கொண்டாட்டம். 1902ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த அச்சகத்துக்காகத் தன் முதல் கருவியை வடிவமைத்தபோது முக்கியப் பிரச்சினை புழுக்கம் இல்லை. ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் விலகுவது. ஈரத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த கருவி இது. பிறகு நாம்தான் அதை டிகிரி எண்ணும் பெட்டியாக்கிவிட்டோம்.

அப்படியானால் எங்கே, எதை வைப்பது? புதுக் கட்டடம் என்றால் சுவரின் வெளியே. இருபுறமும் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப் பலகைகளை இணைப்புகளில் டேப் ஒட்டி மூடினால், வெப்பத் தடுப்பு, நீராவித் தடுப்பு, காற்றுத் தடுப்பு மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். கான்கிரீட் உள்ளே ஏசி வெப்பநிலையில், காய்ந்து கிடக்கும். பலகைகள் தீயைத் தாங்கும் தரமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். அதன்மேல் உறை பொருத்தும் திருகுகளில் கஞ்சத்தனம் வேண்டாம். தூய சோடியம் குளோரைடு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் கடற்கரையில் உப்புப் படிந்த உலோகம் காய்வதே அபூர்வம். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் குளோரைடு குழி பறிக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 தாக்குப்பிடிக்கும்.

கடைசியாகக் குழாய்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஏசிக்காகக் குளிர்ந்த நீரைக் கொண்டுபோகும் சில்டு வாட்டர் குழாயில் 7 டிகிரித் தண்ணீர், 24 மணி நேரமும். சுவராவது சில வேளை காயும், இந்தக் குழாய்க்கு அந்த வாய்ப்பே இல்லை. அதன்மேல் இன்சுலேஷனாகச் சுற்றும் நைட்ரைல் ரப்பரின் ஒரு ஒட்டு திறந்துகொண்டால் போதும், நீராவி உள்ளே போகும், தண்ணீராகும், திரும்பாது. தண்ணீர் அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும். நனைந்த இன்சுலேஷனின் வெளிமுகம் குளிர்ந்து அதுவும் வியர்க்கத் தொடங்கும். 30 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் அந்த வெளிமுகம் காற்றைவிட 2 டிகிரி குளிர்ந்தாலே சொட்டும். எனவே இங்கே ரப்பரின் தடிமனை மின்சாரச் சேமிப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது, பனிநிலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குழாயைத் தாங்கும் கிளாம்ப் ரப்பரை நசுக்கும் இடங்களை முதலில் பாருங்கள். அங்கே நசுங்காத கெட்டி இன்சுலேஷன் வளையம் வைத்து, இரு ஓரங்களையும் பசையிட்டு மூடச் சொல்லுங்கள்.