புதிய கடல்நத்தை என்று எப்போது சொல்லலாம்?

சென்னையிலிருந்து அந்தமானுக்கு முக்குளிக்கச் செல்பவர்கள், பவளப்பாறையில் தாம் படம்பிடித்த ஓடில்லாக் கடல்நத்தை எந்தக் கையேட்டிலும் இல்லாததைக் கண்டு, அதைப் புதிய இனம் என்று கருதிவிடுவதுண்டு. வெப்பமண்டலப் பாறைகளில் இன்னும் பெயரிடப்படாத இனங்கள் பல இருப்பதால், அந்த எண்ணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆயினும் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவது ஆபத்தானது. குரோமோடோரிஸ் என்ற கடல்நத்தைப் பேரினத்தைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு, ஒரே இனம் வெவ்வேறு நிறக்கோலங்களில் காணப்படுவதையும், ஒரே பகுதியில் வாழும் வெவ்வேறு இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதையும் காட்டியது.

நிறம் தேவையில்லை என்பதல்ல. ஆல்கஹாலில் இட்ட நத்தை விரைவில் வெளுத்துவிடும் என்பதால், உயிருடன் இருக்கும்போதே தலையின் இரு உணர்கொம்புகளையும், ஆசனவாயைச் சுற்றி விரியும் செவுள் இதழ்களையும், அது மேய்ந்துகொண்டிருந்த கடற்பஞ்சையும் தெளிவாகப் படமெடுக்க வேண்டும். பல இனங்கள் குறிப்பிட்ட சில கடற்பஞ்சுகளையே உண்பதால் இரை வலுவான தடயம். பெரும்பாலோர் படமெடுக்காமல் விடுவதும் அதைத்தான்.

மற்றவை ஆய்வகத்தில் நடப்பவை. வாய்ப்பகுதியை வெட்டியெடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால், தசை கரைந்து, ராடுலா எனப்படும் பற்கள் பதிந்த, கைட்டின் என்ற கடினப் பொருளாலான மெல்லிய பட்டை மட்டும் மிஞ்சும். எத்தனை வரிசைகள், நடுப்பல் உண்டா, பக்கப்பற்களின் விளிம்பில் எத்தனை கூர்கள் என்பவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுகிறார்கள். பில்லிடியா என்ற கடல்நத்தை வகைகளுக்கு ராடுலாவே கிடையாது. அவை கடற்பஞ்சை உறிஞ்சி உண்பவை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் சிக்கலாக அமைந்துள்ள இனப்பெருக்கக் குழாய்கள், எங்கே எவ்வாறு இணைகின்றன என்பதும் முக்கியமான அடையாளம்.

மரபணுச் சோதனையில் வழக்கமாக செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவில் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிடுவார்கள். அது தாய்வழியாக மட்டுமே வருவதால், உட்கருவிலுள்ள மரபணு ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. இத்தனை விழுக்காடு வேறுபட்டால் புதிய இனம் என்று எல்லா நத்தைகளுக்கும் பொருந்தும் எல்லைக்கோடு எதுவும் இல்லை. உடலமைப்பும் அதே பிரிவைக் காட்ட வேண்டும்.

மிகவும் அலுப்பூட்டும் வேலை, பழைய பெயர்களைத் தேடுவதுதான். சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட், இன்றைய விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த வால்டேர் கடற்கரையில் திரட்டியவற்றை, ஆங்கிலேய விலங்கியலாளர்களான ஆல்டரும் ஹான்காக்கும் 1864இல் விவரித்தார்கள். காலிங்கா ஒர்னாட்டா என்ற கடல்நத்தையின் பெயர் அவர்கள் தந்தது. இப்படியொரு பழைய விவரிப்பு பொருந்திவிட்டால் முந்தைய பெயரே நிலைக்கும். புதிய பெயர் வெறும் மறுபெயராகிவிடும்.

எதுவும் பொருந்தாதபோதுதான் ஒரு மாதிரியை, அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரியாகக் குறித்து, விவரிப்புடன் பெயரை வெளியிடுகிறார்கள். அந்த மாதிரி, பிறர் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய பொதுச் சேகரிப்பில் இருக்க வேண்டும். இதற்கு அணுகக்கூடிய இடமாகச் சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மாதிரி எடுப்பதற்கும் கட்டுப்பாடு உண்டு: மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி, வனத்துறையின் அனுமதியின்றி ஒரு நத்தையைக்கூட எடுக்கக் கூடாது.