சேல்சைட்: செம்பு அயோடேட்டுக் கனிமம்

சேல்சைட் என்றதும் விற்பனை ஞாபகம் வருவது இயல்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரெனோ சேல்ஸ் என்ற அமெரிக்கச் சுரங்க நிலவியலாளரின் பெயர் இது. மொன்டானா மாநிலத்தில் பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கங்களை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தவர். அனகோண்டா செம்புச் சுரங்க நிறுவனத்தின் தலைமை நிலவியலாளர். சிலி நாட்டின் சுக்கிகமாட்டா சுரங்கமும் அன்றைக்கு அனகோண்டாவின் கையில்தான் இருந்தது. அங்கே கிடைத்த புதுக் கனிமத்தை 1939-இல் விவரித்த பலாஷ், ஜாரல் இருவரும் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆகவே பெயரை எவ்வளவு பிரித்துப் பார்த்தாலும் கனிமத்தின் குணம் அதில் கிடைக்காது. கிடைப்பது நிறுவனத்துப் பெரியவருக்குச் செய்த மரியாதை மட்டும். ஈற்றில் வரும் ‘ஐட்’ கிரேக்க விகுதி, ‘அதைச் சார்ந்தது’ என்று பொருள்.

குணத்தைச் சொல்லும் பெயர் வேதியியலில் இருக்கிறது: செம்பு அயோடேட். இதில் ‘அயோடேட்’ என்பதைத்தான் கவனித்து எழுத வேண்டும். 1811-இல் பிரான்சில் வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் அமிலம் கூடிப்போனபோது ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அயோடின் என்ற பெயர் வந்தது. இலங்கைப் பாடநூல்களில் அது அயடீன். அயோடின் மட்டும் ஓர் உலோகத்தோடு சேர்ந்தால் அயோடைடு. மூன்று ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு வந்தால் அயோடேட். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் செய்திகளில் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. செம்பு அயோடைடு முற்றிலும் வேறு கனிமம்: ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் கண்டறியப்பட்ட மார்ஷைட். நம் கடைகளில் விற்கும் ‘அயோடின் கலந்த உப்பிலும்’ இருப்பது பொட்டாசியம் அயோடேட்தான். ஈரக்காற்றில் அயோடைடைவிட அது நிலைத்து நிற்கும்.

இனி தமிழ்ப் பெயர். சேல்சைட்டில் ஒரு செம்பு, ஓர் அயோடேட்டுத் தொகுதி, காரத்துக்கு அடையாளமான ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) ஒன்று என்று இருப்பதால், வெறுமனே ‘செம்பு அயோடேட்’ என்றால் பாதிதான் சொன்னதாகும். ‘காரச் செம்பு அயோடேட்’ என்பதே சரி. செம்புக் குடத்தில் ஏறும் பச்சைக் களிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் காரச் செம்பு கார்பனேட். அதில் கார்பனேட் இருக்கும் இடத்தில் சேல்சைட்டில் அயோடேட் இருக்கிறது. (ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை சொல்வதும் இந்தக் களிம்பைத்தான்.) அதற்காக ‘அயோடேட்டுக் களிம்பு’ என்று பெயர் சூட்டப் புறப்பட வேண்டாம் என்பது என் கருத்து. களிம்பு என்றால் இன்று பலருக்கு மருந்துக்கடைதான் நினைவுக்கு வரும். கனிமப் பெயர் ஆள்பெயராக இருக்கும்போது அதை அப்படியே சேல்சைட் என்று வைத்துக்கொண்டு, விளக்கத்தில் காரச் செம்பு அயோடேட் என்று எழுதுவதே நல்லது. ‘தாமிரம்’ என்றாலும் பிழையில்லை. செம்மையைச் சொல்லும் ‘செம்பு’ நம் சொல்.

எடைக் கணக்கு வேடிக்கையானது. செம்புக் கனிமம் என்று பெயர், ஆனால் எடையில் ஏறத்தாழ பாதி அயோடின். செம்பு கால் பங்குதான். கனத்துக்கும் அதுவே காரணம்: அடர்த்தி 4.77, அதாவது குவார்ட்சைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். கனிமக் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோ அளவுகோலில் கடினம் 3, கத்தியால் எளிதில் கீறலாம். படிகம் செஞ்சாய்சதுர வகை (ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அச்சுகள், மூன்றும் வெவ்வேறு நீளம்), கண்ணாடிப் பளபளப்பு, நீலம் கலந்த பச்சை நிறம். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். சுக்கிகமாட்டாவில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை: அன்ட்லரைட், அட்டகாமைட், புரோக்கன்டைட் என்று வரிசையாக உண்டு. சிறு துணுக்கைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடாக்கினால் குட்டு வெளிப்படும். சேல்சைட் சிதைந்து, கூர்த்துவா கண்ட அதே ஊதா ஆவி குழாயில் எழும். அடியில் கறுப்பாகச் செம்பு ஆக்சைடு தங்கும்.

சுக்கிகமாட்டா இருப்பது அட்டகாமா பாலைவனத்தில். இந்தக் கனிமம் அங்கே உருவானதற்குக் காரணம் மழையின்மை. சிலி வெடியுப்பு என்று உலகெங்கும் விற்ற சோடியம் நைட்ரேட் படுகை அங்கேதான் இருக்கிறது. அதோடு கலந்தே அயோடேட்டு உப்புகளும் கிடக்கின்றன. நல்ல மழை பெய்யும் ஊராக இருந்தால் இவையெல்லாம் எப்போதோ கரைந்து கடலுக்குப் போயிருக்கும். சுக்கிகமாட்டாவில் செம்புத் தாது காற்றும் நீரும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த மேல்பகுதியில், செம்புக்கு இந்த அயோடேட் கிடைத்தது. செம்பும் அயோடேட்டும் இப்படி ஒரே இடத்தில் சேர்வது அபூர்வம். சேல்சைட்டின் அருமைக்கு அதுதான் காரணம். இன்றும் உலக அயோடினில் பாதிக்கு மேல் சிலியிலிருந்துதான் வருகிறது, ஆனால் சேல்சைட்டிலிருந்து அல்ல, நைட்ரேட் படுகையிலிருந்து. சேல்சைட்டை விரும்புகிறவர்கள் அருங்காட்சியகத்தாரும் கனிமச் சேகரிப்பாளர்களும்தான்.

இதற்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: அதே சுரங்கத்தில் கிடைத்து 1940-இல் விவரிக்கப்பட்ட பெல்லிஞ்சரைட். அதன் பெயரும் ஆள்பெயர்தான். ஹைட்ராக்சிலுக்குப் பதில் அதில் படிக நீர் (படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர்) இருப்பதால் ‘கார’ என்ற அடைமொழி பொருந்தாது; ‘நீரேறிய செம்பு அயோடேட்’ என்று எழுத வேண்டும்.