பயோசிக்னேச்சர்: உயிர்த்தடம்

செவ்வாய்க் கோளைப் பற்றிய செய்திகளில் ‘பயோசிக்னேச்சர்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. உயிர் இருந்திருக்கலாம் என்று காட்டும் அடையாளம் அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘பயோஸ்’ என்றால் கிரேக்கத்தில் உயிர், வாழ்வு. ‘சிக்னேச்சர்’ லத்தீனின் ‘சிக்னும்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு அடையாளம் என்று பொருள். ஆகவே ‘உயிர்க் கையொப்பம்’ பொருந்தாது. ‘உயிர்ச்சான்று’ என்றால் உயிர் இருந்தது உறுதி என்றாகிவிடும். உயிர்த்தடம் என்பதே சரி. தடத்தைப் பார்த்ததும் அது எதனுடையது என்று முடிவு செய்துவிட முடியாது. வரப்பில் ஓர் ஓட்டையைப் பார்க்கிறோம். அது நண்டு வளையா, எலி வளையா, தண்ணீர் அரித்ததா என்று அப்புறம்தானே பார்க்க வேண்டும்?

மீத்தேன் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும் நெல்வயலில், காற்றுப் புகாத சேற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயின் காற்றிலும் துளியளவு மீத்தேனைப் பதிவு செய்திருக்கிறது. சரி, அங்கே உயிர் இருக்கிறதா? அவசரப்படக் கூடாது. சில வகைப் பாறைகளோடு நீர் வினைபுரிந்தாலும் மீத்தேன் உண்டாகும். சனியின் நிலாவான டைட்டனில் அது ஏரிகளாகவே கிடக்கிறது.

டெல்டாப் பிள்ளைகளுக்கு நெருக்கமான இடம் ஒன்று செவ்வாயில் உண்டு. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசிரோ பள்ளம், சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஏரியாக இருந்தது. அதில் ஓர் ஆறு வந்து விழுந்து டெல்டா அமைத்தது. ஓட்டம் தணியும் இடத்தில் ஆறு வண்டலை இறக்கிவிடும், காவிரி இங்கே செய்வதைப் போலவே. படியும் வண்டல் தன்னோடு வந்ததையெல்லாம் மூடிக் காக்கும். தடம் தேட டெல்டாவைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான்.

2024 ஜூலையில், அந்த ஏரிக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், புள்ளி புள்ளியாக ஒரு பாறை கிடைத்தது. ‘செயாவா ஃபால்ஸ்’ என்று பெயரிட்டார்கள். புள்ளிகளில் விவியனைட், கிரெய்கைட் என்னும் இரும்புத் தாதுக்கள் இருப்பதாக ஆய்வு காட்டியது. பூமியில் விவியனைட், மக்கும் செடிகொடிகள் உள்ள சேற்றில் உண்டாகக்கூடியது. கிரெய்கைட்டைச் சில நுண்ணுயிர்கள் உருவாக்குகின்றன. ஆனால் உயிர் இல்லாமலும் இவை உருவாக வழிகள் உண்டு. அதனால் 2025 செப்டம்பரில் நாசா இதை ‘உயிர்த்தடமாக இருக்கலாம்’ என்று மட்டுமே அறிவித்தது. அந்த ‘இருக்கலாம்’ என்ற சொல்லைப் பல செய்தித் தலைப்புகள் விட்டுவிடுகின்றன. பிள்ளைகள் விடக் கூடாது. பாறையில் குடைந்தெடுத்த துண்டு இன்னும் செவ்வாயில்தான், மூடிய குழாய்க்குள் இருக்கிறது. அதைப் பூமியின் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்து சோதித்தால் மேற்கொண்டு தெரியவரும்.