ஹோஸ்ட்நேம்: தமிழில் ஓம்பிப்பெயர்

சேலத்துப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். குச்சிக்கிழங்கு வரத்து, ஒவ்வொரு லோடின் பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு), குடோனில் உள்ள மூட்டைக் கணக்கு எல்லாம் ஆலைக்குள் மட்டும் திறக்கிற ஒரு வலைப்பக்கத்தில் இருக்கின்றன. அதைப் பார்க்க, அந்தப் பக்கம் இருக்கும் கணினியின் வலையமைப்பு எண்ணான 192.168.1.20 என்று அடிக்க வேண்டும். எடைமேடையில் நிற்பவர் இந்த எண்ணை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? 'இருப்பு' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும் என்றாக்கலாம். அந்தச் சொல்தான் ஹோஸ்ட்நேம். பலர் இதை டொமைன் என்கிறார்கள். டொமைன் என்பது பல பெயர்களை அடக்கிய ஆள்களம். அதற்குள் ஒரு கணினியைச் சுட்டுவது ஹோஸ்ட்நேம்.

ஹோஸ்ட் என்பதன் வேர் லத்தீனின் 'ஹாஸ்பெஸ்'. விருந்தளிப்பவர், விருந்தாளி இருவரையும் அது குறித்தது. ஹாஸ்பிடல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. கணினி உலகுக்கு இந்தச் சொல் வந்தது, இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பின் காலத்தில். செய்தியைக் கடத்த மட்டும் தனிக் கருவிகள் இருந்தன. பயனர்களுக்கும் நிரல்களுக்கும் இடம் கொடுத்த கணினிகளுக்கு ஹோஸ்ட் என்று பெயர். 1969 ஏப்ரலில் வெளிவந்த முதல் ஆர்எஃப்சி (வலையமைப்பு விதிகளைப் பேசும் ஆவண வரிசை) ஆவணத்தின் தலைப்பே 'ஹோஸ்ட் சாஃப்ட்வேர்'.

எல்லா ஹோஸ்ட்களின் பெயரும் எண்ணும் அப்போது ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. வலையமைப்பு பெருக, ஒரே கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். பழைய கோப்பின் வாரிசு இன்றும் நம் கணினிகளில் 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு மூன்று கணினிகள்தான் என்றால் ஒவ்வொன்றிலும் அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதினாலே வேலை முடிந்தது.

கணினிகள் கூடும்போது டிஎன்எஸ் சர்வரில்தான் பதிய வேண்டும். பெயரையும் எண்ணையும் இணைத்து ஒரு 'ஏ' பதிவு போடுவது எளிது. தடுக்கி விழும் இடங்கள் அதற்கு அப்புறம்தான். ஒற்றைச் சொல்லை அடித்தால் அதன் பின்னால் நிறுவனத்தின் டொமைனைக் கணினி தானாகச் சேர்த்துத் தேட வேண்டும்; அந்தப் பின்னொட்டை, கணினிகளுக்கு வலையமைப்பு எண்ணைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வழியாக எல்லாக் கணினிகளுக்கும் கொடுத்துவிடலாம். ஒரே சர்வரில் பல தளங்கள் ஓடினால், எந்தப் பெயருக்கு எந்தத் தளம் என்று வெப் சர்வரிலும் எழுத வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் பிரவுசர் அந்தச் சொல்லைத் தேடுபொறிக்கு அனுப்பலாம். சொல்லின் இறுதியில் ஒரு சாய்கோடு போட்டால் முகவரி என்று புரிந்துகொள்ளும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் இடைக்கோடு மட்டும் வரலாம்; அடிக்கோடு கூடாது. 'டாட் லோக்கல்' என்று முடிக்காதீர்கள், அது வேறொரு முறைக்கு ஒதுக்கப்பட்டது. உள்வலைக்கென்றே 'டாட் இன்டர்னல்' என்பதை 2024இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கியது. ஆனால் ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு வேண்டுமென்றால், நிறுவனம் காசு கொடுத்துப் பதிந்த டொமைனுக்கு அடியிலேயே பெயர் வைப்பதுதான் என் பரிந்துரை. புள்ளியில்லா ஒற்றைச் சொல்லுக்கோ டாட் இன்டர்னலுக்கோ அதற்குத் தேவையான, பிரவுசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழ் கிடைக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஹோஸ்ட்டுக்கு 'ஓம்புநர்' என்ற சொல் புழங்குகிறது. ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். பக்கத்தையும் தரவையும் வைத்துக் காக்கும் கணினிக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் ஓட்டுநர், இயக்குநர் என்று 'நர்' ஆளையே சுட்டுகிறது. கருவிக்குக் கணினி, தொலைபேசி போல 'ஓம்பி' போதும். ஆகவே ஹோஸ்ட்நேம் ஓம்பிப்பெயர். பேச்சில் ஹோஸ்ட்நேம் என்றே இருக்கட்டும். ஆலையின் கையேட்டிலும் சுவரில் ஒட்டும் குறிப்பிலும் 'ஓம்பிப்பெயர்: இருப்பு' என்று எழுதலாம்.